குளத்தில் வாழும் இயக்குநர்

எங்கள் உயிரியல் ஆய்வு நிறுவனத்தில் ஒருநாள் சுற்றறிக்கை வந்தது. இனிமேல் எந்த உயிரையும் கண்ணால் பார்த்துவிட்டு 'இருக்கிறது' என்று எவரும் சொல்லலாகாது. நீர்நிலையில் ஒரு குப்பி தண்ணீர் எடுத்து, அதில் உதிர்ந்து கிடக்கும் மரபணுவைச் சோதித்து, அறிக்கை சொன்னால் மட்டுமே அந்த உயிர் உள்ளதாகக் கருதப்படும். முறை நல்ல முறைதான். எங்கள் கைக்கு வரும்வரை அதற்கு ஒரு கெட்ட பெயரும் கிடையாது.

இந்தச் சமயத்தில்தான் நிறுவனத்தின் பின்பக்கக் குளத்தைத் தூர்த்து, கார் நிறுத்துமிடம் கட்ட முடிவானது. அபூர்வ உயிர் ஏதாவது இருந்தால் தூர்க்கக் கூடாது என்று விதி. குளத்தில் மஞ்சள்கால் தவளைகள் இருந்தன, வேறெங்கும் இல்லை. அவற்றின் பின்னாலேயே அலைந்து தலை நரைத்தவர் எங்கள் ஆராய்ச்சியாளர் ஒருவர். தவளையம்மா என்றால்தான் அவரை யாருக்கும் தெரியும். அவர் ஒரு தவளையை டப்பாவில் போட்டுக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனார்.

"சார், இதோ தவளை. குளத்தை விட்டுடுங்க."

"இது தவளைன்னு யாரும்மா சொன்னா?"

"நான்தான் சொல்றேன். பாருங்களேன்."

"பாக்கக் கூடாதுன்னுதானே சுற்றறிக்கையே போட்டிருக்கேன்," என்று இயக்குநர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தவளை டப்பாவுக்குள்ளிருந்து கத்தியது.

"சத்தமும் செல்லாது," என்றார்.

தண்ணீர் எடுக்கும் நிகழ்ச்சி தடபுடலாக நடந்தது. கையுறை போட்டால் படத்தில் மோதிரம் தெரியாது என்று, இயக்குநர் வெறுங்கையைக் குளத்தில் விட்டு நன்றாகத் துழாவிக் குப்பியை நிரப்பினார். புகைப்படக்காரர் இன்னொரு முறை என்றார். இன்னொரு முறை துழாவினார்.

அறிக்கை வந்தது. குளத்தில் தவளை இல்லை. மனித இனம், ஆண், ஒன்றே ஒன்று.

"கையுறை போடுங்கன்னு கெஞ்சினேனே சார், இது உங்க மரபணு, தவளையோடதை அமுக்கிடுச்சு," என்று ஆய்வகப் பெண் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அப்ப முறை சரியாத்தானே வேலை செஞ்சிருக்கு," என்று இயக்குநர் பூரித்துப்போனார்.

நிபுணர் குழு விதிப்படி நடந்துகொண்டது. ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தால் அது அழிவின் விளிம்பில் உள்ள உயிர். அதன் வாழிடத்தைத் தொடக் கூடாது, அதை அங்கிருந்து அகற்றவும் கூடாது. குளம் பிழைத்தது. தலைநகரில் இயக்குநருக்குக் கிடைக்கவிருந்த பதவி உயர்வுதான் பிழைக்கவில்லை. பாவம், மனிதர் அழாத குறை.

எங்களுக்கோ மூளை சுறுசுறுப்பானது. குளத்து உயிர் என்று அறிக்கையில் வந்துவிட்டால் யாரையும் இங்கிருந்து மாற்ற முடியாதே. இடமாற்றத்துக்குப் பயப்படாத ஊழியர் யார் இருக்கிறார்கள்? அடுத்த சோதனை வருமுன்பே கணக்குப் பிரிவு மொத்தமும் கால்சட்டையை மடித்துவிட்டுக் குளத்தில் இறங்கியது. ஓட்டுநர்கள் சோப்புப் போட்டுக் குளித்தே விட்டார்கள். தவளைகள் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, மதிலோரக் கால்வாய்க்குக் குடிபோயின. கார் நிறுத்துமிடத்துக்கு அந்தக் கால்வாயையே ஒதுக்கினார்கள்.

தவளையம்மா கொதித்துப்போனார். கால்வாயிலும் தண்ணீர் எடுத்துச் சோதித்தே தீர வேண்டும் என்று அறை அறையாக ஏறி இறங்கி அனுமதி வாங்கினார். அனுமதி வந்த அன்றே இன்னோர் உத்தரவும் வந்தது. தவளை இல்லாத குளத்துக்குத் தவளை ஆராய்ச்சியாளர் எதற்கு என்று, அவரைத் தொலைதூர மீன் பண்ணைக்கு மாற்றியிருந்தார்கள்.

ஆய்வகப் பெண் குப்பியோடு வந்தாள்.

"அம்மா, இந்த வருஷத்துக்கு இந்த ஒரு குப்பிதான் பாக்கி. கால்வாயில எடுக்கவா, குளத்துல எடுக்கவா?"

கால்வாயில் தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. அத்தனையும் மஞ்சள்கால். தவளையம்மா கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது. பிறகு செருப்பைக் கழற்றினார்.

"குளத்துலயே எடும்மா," என்றார்.

முழங்கால் தண்ணீரில் நின்றிருந்த நான் சற்றுத் தள்ளி அவருக்கு இடம் விட்டேன்.