நாக்பூருக்குப் போன புடவையும் போகாத நானும்

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு வரிசையில் நிற்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நடக்கப் பழகும்போதே நிற்கவும் பழகிவிடுகிறோம். கோயில் கூட்டத்தில் நின்று நின்று நாங்களே கண்டுபிடித்த விதி ஒன்று உண்டு. எந்த வரிசை மிக நீளமோ, அதன் முனையில்தான் சாமி இருக்கும். குட்டை வரிசைகளை நம்பக் கூடாது. ஒன்று செருப்பு விடும் இடத்துக்குப் போகும், இன்னொன்று புளியோதரைக்குப் போகும்.

முப்பத்திரண்டு வயது வரை இந்த விதி என்னைக் கைவிட்டதில்லை. அந்த வயதில், ஹைதராபாத் விமான நிலையத்தில், தங்கையின் முகூர்த்தப் புடவையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது கைவிட்டது. இன்றும் சொல்கிறேன், விதியில் தவறில்லை. விமான நிலையத்தைத்தான் தவறாகக் கட்டியிருக்கிறார்கள்.

தங்கை தேவி நாக்பூரில் ஒரு மருத்துவமனையில் செவிலியர். அங்கேயே பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் பையனை விரும்பினாள். கல்யாணமும் அங்கேயே என்று முடிவானது. (அக்கா இருக்கும்போது தங்கைக்கு முதலில் எப்படி என்று கேட்பவர்களுக்கு அப்போதும் நான் பதில் சொல்லவில்லை. இப்போதும் உத்தேசம் இல்லை.)

எங்கள் வீடு முசரவாக்கத்தில். தாத்தா காலம் வரை அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை. அப்பா மினி லாரி வாங்கி, இருபது வருடமாகப் பட்டு நூல் பெட்டிகளையும் புடவைக் கட்டுகளையும் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். ஆனால் அந்தக் கட்டுகளில் ஒன்றுகூட எங்கள் வீட்டு வாசலில் இறங்கியதில்லை. அம்மாவின் கல்யாணப் புடவை பட்டு போலத் தெரியும், பட்டு அல்ல. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்திலேயே பிறந்து, அசல் ஜரிகை உடம்பில் படாமல் ஐம்பது வயதைத் தாண்டியவர் அவர்.

இந்த நிலையில் மாப்பிள்ளையின் அத்தை நாக்பூரிலிருந்து போன் செய்து, "முகூர்த்தத்துக்கு நாங்களே ஒரு புடவை எடுத்து வைத்துவிட்டோம், நீங்கள் சிரமப்பட வேண்டாம்" என்றார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அம்மா அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

"காஞ்சிபுரத்துலேர்ந்து போற பொண்ணு, போன எடத்துல பொடவ வாங்கிக் கட்டுவாளா? ஊரு சிரிக்காது?"

உடனே தறியில் சொல்லியாயிற்று. அரக்கு உடல், மாம்பழ நிறக் கரை, இரண்டு பக்கமும் ஜரிகை. அந்த வருடம் மழை விடவே இல்லை. ஈரத்தில் தறியில் கட்டிய பாவு நூல் இறுகி, நெசவு நின்று நின்று நகர்ந்தது. அம்மாவும் அப்பாவும் சீர்வரிசையோடு ரயிலேறிய பிறகுதான் புடவை தறியை விட்டு இறங்கியது. இடையில் ஒரே ஒரு நாள், அதற்கடுத்த காலை ஒன்பது மணிக்கு முகூர்த்தம். அதற்குள் புடவை போய்ச் சேராவிட்டால், தேவி அத்தையின் புடவையைக் கட்டிக்கொண்டு மணவறையில் உட்காருவாள்.

விமானத்தில் கொண்டுபோவது என்று முடிவானது. நான் ஒரு நாளிதழில் மாவட்டச் செய்தியாளர். பத்திரிகையாளர் சுற்றுப்பயணம் ஒன்றில் விமானத்தில் போய் வந்திருந்தேன். ஒரே ஒரு முறை. அதை வைத்துக்கொண்டு குடும்பத்தின் விமானப் போக்குவரத்து அமைச்சராகப் பதவி வகித்து வந்தேன். துணைக்கு கஸ்தூரி சித்தி, அம்மாவின் தங்கை. வாலாஜாபாத் பேருந்து நிலையத்தில் டிபன் கடை வைத்திருப்பவர். விமானத்தை அண்ணாந்து மட்டும் பார்த்தவர்.

"எதுக்கும் பயப்படாதீங்க சித்தி. நான் சொல்றத மட்டும் கேளுங்க" என்றேன். இந்த வாக்கியத்தை அவர் இன்றுவரை என் குரலிலேயே சொல்லிக் காட்டுகிறார்.

சென்னையில் பாதுகாப்புச் சோதனையிலேயே முதல் சண்டை. பைகளை வைக்கும் தட்டில் முன்னால் போனவர் ஷூவைக் கழற்றி வைத்திருந்தார். அதே தட்டு சுற்றி எங்களிடம் வந்தது.

"ஏன்டி, செருப்பு வெச்ச தட்டுலயா முகூர்த்தப் பொடவய வெப்ப?"

"எல்லாரும் அப்படித்தான் வைக்கிறாங்க சித்தி."

"எல்லாரும் கண்ணாலப் பொடவயா எடுத்துக்கினு வந்துகிறாங்கோ?"

அவர் இடுப்பிலிருந்த துண்டை உதறித் தட்டில் விரித்து, அதன்மேல் புடவையை வைத்தார். பின்னால் நாற்பது பேர் காத்திருந்தார்கள். புடவை எக்ஸ்ரே பெட்டிக்குள் போனது, வெளியே வரவில்லை. ஜரிகையில் இருப்பது வெள்ளி. பல மடிப்புகளாக அடுக்கினால் திரையில் கறுப்புத் தகடு போலத் தெரியும். அங்கிருந்த பெண் காவலர் வடக்கத்தியவர். பிரித்துக் காட்டச் சொன்னார்.

பெண் கட்டுவதற்கு முன் முகூர்த்தப் புடவையின் மடிப்பை முழுதாகப் பிரிக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டில் அன்று காலை வரை இல்லாத வழக்கம். (இதற்கு முன் எங்கள் வீட்டில் முகூர்த்தப் பட்டே இல்லையே.) ஆனால் சித்தி அதை ஆயிரம் வருடப் பழக்கம் போலச் சொன்னார். நான் பத்திரிகை அடையாள அட்டையை எடுத்து நீட்டினேன். காவலர் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஷூ தட்டில் வைத்தார்.

கடைசியில் சித்தியே இரண்டு விரலை நீட்டினார். இரண்டு மடிப்பு, அதற்கு மேல் இல்லை. இரண்டு மடிப்பு பிரிந்தது. விளக்கு வெளிச்சத்தில் முந்தி மின்னியது. காவலர் கையுறையைக் கழற்றிவிட்டு ஒருமுறை தடவிப் பார்த்தார். பின்னால் முணுமுணுத்துக்கொண்டிருந்த அம்மாள் எட்டிப் பார்த்து, "எந்தக் கடைங்க?" என்றார்.

ஹைதராபாத்தில் இறங்கியபோது காலை மணி எட்டரை. பத்தேகாலுக்கு அடுத்த விமானம். வடக்கே கடும் பனிமூட்டம், அங்கிருந்து வர வேண்டிய விமானங்கள் வரவில்லை. விமானம் மாறிச் செல்லும் பயணிகளுக்கான கூடத்தில் தரையெல்லாம் ஆட்கள். குழந்தைகள் பெட்டிமேல் தூங்கின. ஒரு பெரியவர் யாரிடம் என்றில்லாமல் இந்தியில் திட்டிக்கொண்டிருந்தார். கூடத்தில் நான்கு வரிசைகள். மூன்று குட்டை. நான்காவது, தூண்களைச் சுற்றி, தண்ணீர்க் குழாயைக் கடந்து, கழிப்பறைக் கதவு வரை நீண்டிருந்தது.

எனக்கு ஒரு நொடிகூடத் தயக்கமில்லை. போய் நின்றேன்.

"இது எதுக்கு நிக்கிற கியூடி?"

"எல்லாத்துக்கும் இதுதான் சித்தி."

"அந்தாண்ட பெரிய டிவில எழுத்து ஓடிக்கினு இருக்குது. இன்னான்னு பாரேன்."

"போர்டுல போடறத நம்ப முடியாது. நேரா கவுண்டர்ல கேக்கணும். பத்திரிகைல எங்களுக்குச் சொல்லிக்குடுத்த முதல் பாடமே அதுதான்."

"அப்ப முன்னாடி நிக்கிறவன கேளு, எதுக்கு நிக்கிறான்னு."

கேட்கவில்லை. வரிசையில் நிற்பவனிடம் எதற்கு நிற்கிறாய் என்று கேட்பது எங்கள் ஊரில் வெளியூர்க்காரர்கள் செய்கிற காரியம்.

மூன்று மணி நேரம். நடுவில் பத்தேகால் கடந்தது, இந்தப் பனியில் எந்த விமானமும் நேரத்துக்குக் கிளம்பாது என்று சித்திக்கு விளக்கினேன். சித்தி கட்டிக் கொண்டுவந்த தோசையைத் தூணோரம் உட்கார்ந்து சாப்பிட்டார். எனக்கும் பிட்டு ஊட்ட வந்தார். நான் கௌரவம் கருதி மறுத்தேன். புடவையை நாங்கள் மாறி மாறி மார்போடு அணைத்திருந்தோம், தரையில் வைக்கவில்லை. முன்னேற முன்னேற எனக்குள் ஒரு வெற்றிப் பெருமிதம். எனக்குப் பின்னால் அறுபது பேர் சேர்ந்திருந்தார்கள். இத்தனை பேர் தவறாக நிற்பார்களா?

கவுண்டரில் இருந்த இளைஞன் களைத்துப் போயிருந்தான். டிக்கெட்டைப் பார்த்தான்.

"நாக்பூர், இரண்டு பேர். மேடம், இதை நீங்கள்..."

"ஆமாம், ஆமாம்" என்றேன் ஆங்கிலத்தில். "சீக்கிரம்."

"நிச்சயமாகத்தானா?"

"நிச்சயமாக. நான் பிரஸ்."

அவன் என்னை ஒரு விதமாகப் பார்த்தான். செல்போனுக்கு ஓடிபி வந்தது. கேட்டான், கம்பீரமாக வாசித்தேன். தட்டினான். அடுத்த செய்தி வந்தது. நான் அதைப் பத்திரிகைக் கண்ணோடு படித்தேன். அதாவது, முதலில் அதிலிருந்த எழுத்துப் பிழையைக் கண்டுபிடித்தேன். பிறகுதான் பொருள் புரிந்தது. எங்கள் இரண்டு டிக்கெட்டும் என் விருப்பத்தின் பேரில் ரத்து. முழுப் பணமும் ரீஃபண்டு.

அது ரீஃபண்டு வரிசை. விமானம் ரத்தானவர்கள் பணத்தைத் திரும்ப வாங்க நின்ற வரிசை.

"எங்க விமானம்?" என்றேன்.

"நாக்பூர் தாமதம் மட்டும்தான் மேடம். பன்னிரண்டரைக்குக் கிளம்புகிறது" என்று அவன் எழுத்து ஓடும் பலகையைக் கைகாட்டினான். காலை ஒன்பது மணியிலிருந்து அதில் அப்படித்தான் இருந்ததாம். அன்று ரத்தாகாத மிகச் சில விமானங்களில் எங்களுடையதும் ஒன்று. அதை ரத்து செய்துகொண்ட பயணிகள் உலகத்திலேயே நாங்கள் இருவர்தான். இருக்கைகள் காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களுக்குப் போய்விட்டதாகவும் சொன்னான்.

சித்தியிடம் திரும்பினேன். எப்படிச் சொல்வது என்று சொற்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது அவர் கையை உயர்த்தினார்.

"இரு. தோ, நாக்பூர் நாக்பூர்னு கூவிக்கினு போறா பாரு."

பேருந்து நிலையத்தில் இருபது வருடம் கடை போட்ட காது அது. கூடத்தின் மறுகோடியில், வாக்கிடாக்கியோடு ஒரு பெண் கடைசிப் பயணிகளைக் கூவி அழைத்துக்கொண்டு போனாள், அச்சு அசலாக நடத்துனர் போல. சித்தி புடவையோடு ஓடினார். நான் பைகளோடு பின்னால்.

அந்தப் பெண் டிக்கெட்டைத் தட்டிப் பார்த்துத் தலையாட்டினாள். ரத்து. எனக்குத் தெரிந்த ஆங்கிலமெல்லாம் பேசினேன். அவள் நகர்ந்தாள். அப்போதுதான் நெசவுத் தெருவில் கேட்டுப் பழகிய தெலுங்கு வாயில் வந்தது. நாளைக் காலை கல்யாணம், இது கல்யாணப் புடவை என்று அந்த ஓட்டைத் தெலுங்கில் சொன்னேன். "பெண்ட்லி சீர" என்ற சொல்லில் அவள் நின்றாள்.

"ஏ ஊரு?"

"காஞ்சிபுரம்."

உறையின் ஓரத்தை விலக்கிப் பார்த்தாள். வாக்கிடாக்கியில் ஏதோ பேசினாள். நிமிர்ந்து ஒரு விரலைக் காட்டினாள். வராத பயணி ஒருவரின் இருக்கை. ஒன்றே ஒன்று.

நான் தயாராக வாயைத் திறந்தேன். "நான் போறேன் சித்தி. உங்களுக்கு மொழி தெரியாது, எங்கயாவது மாட்டிக்குவீங்க. இங்கயே உக்காருங்க, நான்..."

"நீயா? நீ எறங்கி, அங்க எவன் எதுக்கு நிக்கிறான்னு தெரியாம பின்னாடி போயி நின்னுக்கினு இருப்ப. குடுறீ இப்படி."

புடவை என் கையிலிருந்து போனது. ஆதார் அட்டையை ரவிக்கைக்குள்ளிருந்து எடுத்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். சோதனைத் தட்டில் துண்டை விரித்தார். காவலர் ஏதோ கேட்க, தயங்காமல் இரண்டு விரலை உயர்த்தினார். காவலரும் இரண்டு மடிப்போடு நிறுத்திக்கொண்டார். பிறகு சித்தி திரும்பிப் பார்க்காமல் நடந்தார். நல்லவேளை, பார்க்கவில்லை. நான் அழுதுகொண்டிருந்தேன். அதைப் பார்த்திருந்தால் அதையும் இன்றுவரை நடித்துக் காட்டியிருப்பார்.

ரயிலில் இடமில்லை. இரண்டு பேருந்து மாறி, மறுநாள் பதினொன்றரைக்கு மண்டபத்தில் நுழைந்தேன். தாலி கட்டி முடிந்திருந்தது. கடைசிப் பந்தி நடந்துகொண்டிருந்தது. அம்மா என்னைப் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை: "பணம் வந்துடிச்சா?"

தேவி அரக்குப் பட்டில் மேடையோரம் உட்கார்ந்திருந்தாள். வரவேற்புக்கு வேறு புடவை மாற்றச் சொல்லி எல்லோரும் கெஞ்சியிருக்கிறார்கள். "அக்கா வந்து பாக்காம அவுக்க மாட்டேன்" என்று நகரவில்லையாம். மாப்பிள்ளையின் அத்தை பக்கத்தில் அமர்ந்து, கரையை விரலால் நீவிக்கொண்டிருந்தார். அவர் வாங்கிய புடவையை அம்மா பெருந்தன்மையோடு மறுநாளுக்கு ஒதுக்கியிருந்தார். புகைப்படக்காரர் வேறு கல்யாணத்துக்குப் போய்விட்டார்.

இப்போது தேவிக்கு ஐந்து வயதில் மகள் இருக்கிறாள். என்னை அவள் "ரீஃபண்டு பெரியம்மா" என்றுதான் கூப்பிடுகிறாள். அதுதான் என் பெயர் என்று நினைக்கிறாள். யார் சொல்லிக்கொடுத்தது என்று விசாரிக்க வேண்டிய அவசியமில்லை. சித்தி இந்த ஐந்தாறு வருடத்தில் தனியாக நான்கு முறை நாக்பூருக்குப் பறந்துவிட்டார். குடும்பத்தில் யார் எங்கே பறப்பதானாலும் அவரைக் கேட்டுத்தான் டிக்கெட் போடுகிறார்கள். என்னைக் கேட்பதில்லை. நானும் ஆலோசனை வழங்குவதை நிறுத்தவில்லை.

போன கோடை விடுமுறையில் குழந்தை கல்யாண ஆல்பத்தை என் மடியில் வைத்துப் புரட்டினாள். ஒவ்வொரு பக்கத்திலும் தேடினாள்.

"ரீஃபண்டு பெரீம்மா, நீ எங்க? உன்ன காணோமே."

"உங்கம்மா கட்டிக்கினு இருக்கிற பொடவ தெரியுதா?"

"தெரியுது."

"அது இருக்கிற எடத்துல எல்லாம் நான் இருக்கிறேன். அந்தப் பொடவய அங்க கொண்டாந்து சேத்தது நான்தான்."

சமையலறையில் கரண்டி கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது.

"பாப்பா, அவ சொல்றத எழுதி வெச்சிக்காத" என்றார் கஸ்தூரி சித்தி. "பக்கத்த திருப்பு. அம்மாவாண்ட துண்டோட நிக்கிறது யாருன்னு அவளயே படிச்சிக் காட்டச் சொல்லு."