கப்பலில் இடம் பிடித்த விவரம்

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. உன் முழங்கால், மாமாவின் ரத்த அழுத்தம், மாடித் தண்ணீர்த் தொட்டி ஆகிய மூன்றும் நான் கிளம்பிய அன்று இருந்த நிலையைவிட மோசமாகாமல் இருக்கும் என்று நம்புகிறேன். என் உடம்புக்குக் குறைவில்லை. மற்றவற்றைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நெடுநாள் ஆலோசனைக்குப் பிறகு, சாதக பாதகங்களைச் சீர்தூக்கிப் பார்த்து, கப்பல் கிளம்பிய மறுநாள் காலை நான் ஒரு நாற்காலியில் உட்காருவதென்று முடிவு செய்தேன். மேல்தளத்தில், உயிர்காப்புப் படகின் நிழல் விழும் இடத்தில் கிடந்த நீலக் கோடு போட்ட சாய்வு நாற்காலி அது. முதல் ஆளாகப் போய் அதன்மேல் கைக்குட்டையை விரித்தேன். அதுவரை எல்லாம் திட்டப்படி நடந்தது. உட்கார வேண்டியது மட்டும்தான் பாக்கி. அது முடியவில்லை. பக்கத்தில் நின்றுகொண்டேன். காலாற நடந்து வந்த ஒருவர், "இது காலியா சார்?" என்றார். "ஆள் வர்றாங்க" என்றேன். வெயில் உச்சிக்கு ஏறும்வரை வந்தவர்களுக்கெல்லாம் அதையே சொல்லி, வராத ஆளுக்காக அந்த நாற்காலியைக் காபந்து பண்ணிவிட்டு, கைக்குட்டையை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு அறைக்குத் திரும்பினேன். அந்த ஆள் நான்தான் என்பது படி இறங்கும்போதுதான் நினைவுக்கு வந்தது.

இதற்கு நீதான் காரணம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் காரணம் நீதான். இடம் பிடிப்பதில் நான் நம் குடும்பத்தின் ஆஸ்தான வித்வான் என்பது உனக்குத் தெரியும். கல்யாணம் ஆகாதவன், இடுப்பில் பிள்ளை இல்லை, கையில் மூட்டை இல்லை, "நீ முன்னால ஓடுடா" என்று ரயிலானாலும் கல்யாண மண்டபமானாலும் ஆஸ்பத்திரி வராந்தாவானாலும் என்னைத்தான் அனுப்புவீர்கள். ஏழு இடத்தில் கைக்குட்டை போட்டு, எட்டாவதில் நான் உட்கார்ந்து, கேட்பவர்களிடம் "வந்துகிட்டே இருக்காங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பேன். நீங்கள் வரும்போது ஒன்பதாவதாக ஒருவர் கூட வருவார். பக்கத்து வீட்டு அம்மா, மாமாவின் அலுவலக நண்பர், யாரோ ஒருவர். விருந்தாளி நிற்கக் கூடாது. நான் எழுந்துகொள்வேன். எத்தனையோ இடம் பிடித்திருக்கிறேன், அக்கா. பிடித்த இடத்தில் கடைசிவரை உட்கார்ந்ததாக நினைவில்லை. என் பிறந்தநாள் தவறாமல் நீ கைக்குட்டைதான் வாங்கித் தருவாய். பணி ஓய்வு பெற்ற அன்றும் ஒரு பெட்டி நிறையக் கொடுத்தாய். அதைப் பாசம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

வேலையிலும் இதே கதை. நில அளவையாளன் என்று பேர். காலமெல்லாம் ஊரார் நிலத்தை அளந்து எல்லைக்கல் நட்டதோடு சரி. ஓய்வு பெற்ற கையோடு நீ வந்து, "ஒத்தக்கட்டைக்கு எதுக்குடா தனி வீடு? மாடி ரூம் சும்மாதான கிடக்கு. வந்துடு. பேரனை ஸ்கூல்ல விட, தொட்டிய பார்த்துக்க, எங்களுக்கும் ஒரு ஆள் வேணும்" என்றாய். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். "யோசிக்க என்னடா இருக்கு? தனியா இருந்து பழக்கமா உனக்கு?" என்றாய். மாமா செய்தித்தாளை இறக்காமலே, "இவன் தனியா ஒரு கடையில உட்கார்ந்து டீ குடிச்சதில்லையே" என்றார். நான் நின்றுகொண்டே குடித்திருக்கிறேன் என்பது அப்போது வாயில் வரவில்லை. அந்த ஆத்திரத்தில்தான் கப்பலுக்குப் பதிவு செய்தேன். தனியாக ஒரு பயணம் ஒழுங்காகப் போய் வந்தால் என் வீட்டிலேயே இருந்துகொள்வது, இல்லாவிட்டால் சத்தமில்லாமல் உன் மாடிக்கு வந்துவிடுவது என்று நமக்குள் பேச்சு. அதன் முடிவை எழுதும் கடமை எனக்கு இருக்கிறது.

பதிவு செய்யும் இடத்திலேயே சகுனம் சரியில்லை. அங்கிருந்த பெண், "எத்தனை பேர் சார்?" என்றாள். ஒருவர் என்றேன். "கூட யாரு?" என்றாள். கூட யாருமில்லை என்றேன். என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஒருத்தர் போனாலும் ரூம் ரெண்டு பேர் கணக்குதான் சார். பரவாயில்லையா?" என்றாள். பரவாயில்லை என்று சொல்லிவிட்டேனே தவிர, கப்பலில் அறைக்குள் நுழைந்து இரண்டு கட்டில், இரண்டு துண்டு, இரண்டு ஜோடி செருப்பு என்று பார்த்ததும் மனசு கேட்கவில்லை. கணக்கில் உள்ளதை அனுபவிக்காமல் விடுவது ஒரு அளவையாளனுக்கு அழகல்ல. பாதித் தூக்கம் இந்தக் கட்டிலில், மீதித் தூக்கம் அந்தக் கட்டிலில், தலை துவட்ட ஒரு துண்டு, கால் துடைக்க ஒரு துண்டு என்று நடத்தினேன். அறையைச் சுத்தம் செய்யும் பையன் இரண்டு படுக்கையும் கசங்கிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, "மேடம் வெளியவே வர்றதில்லையே, உடம்பு முடியலையா சார்?" என்றான். மேடம் இல்லை என்றேன். சண்டை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போய், ரொட்டியும் எலுமிச்சைச் சாறும் ஒரு தட்டில் வைத்துக் கதவுக்கு வெளியே விட்டுப் போனான். பண்டத்தை வீணாக்கலாமா? சாப்பிட்டேன். காலித் தட்டைப் பார்த்தவன் மேடம் தேறி வருகிறார் என்று முடிவு கட்டி டாக்டரிடமும் சொல்லிவிட்டான். டாக்டர் பெட்டியோடு வந்து இரண்டு கட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார். "யாருமே இல்லைங்க டாக்டர்" என்றேன். குரலைத் தாழ்த்தி, "எவ்வளவு நாளா சார்?" என்றார். "ஆரம்பத்திலிருந்தே" என்றேன். என் தோளைத் தட்டிவிட்டுத் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது இதைவிடக் கேவலம். வாசலில் நின்ற மேசைப் பணியாளர் "எத்தனை பேர் சார்?" என்று கேட்டார். எட்டு என்றேன். யோசித்துச் சொன்னதல்ல, வாய் தானாகச் சொன்னது. வட்டமான பெரிய மேசை ஒன்றைக் காட்டினார். நானும் போய் ஏழு கைக்குட்டையை ஏழு நாற்காலியில் போட்டு, எட்டாவதில் உட்கார்ந்தேன். "மத்தவங்க?" என்றார். "வந்துகிட்டே இருக்காங்க" என்றேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். ஜன்னலில் கடல் இருந்தது. நல்ல மனிதர். எட்டுத் தட்டும் வைத்தார். நான் ஒருவன் மட்டும் சூப்பு குடித்தேன். மறுநாளும் அந்த மேசையை எனக்கென்றே வைத்திருந்தார். ஏழு பேரும் அலை ஒத்துக்கொள்ளாமல் அறையிலேயே படுத்திருக்கிறார்கள் என்று கூடம் முழுக்கப் பேச்சாகியிருந்தது. முன்பின் தெரியாத ஒரு அம்மா என்னை நிறுத்தி, இஞ்சியை நசுக்கி முகரச் சொல்லுங்கள் என்றார். சொல்கிறேன் என்றேன். உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். ஏழு பேர் உடம்பு தேறவேண்டும் என்று வேண்டிக்கொள்பவர்களிடம் போய் அந்த ஏழு பேரும் இல்லை என்று எப்படிச் சொல்வது?

அடுத்துத் துறைமுகம் ஒன்றில் இறக்கி, பேருந்தில் ஊர் சுற்றிக் காட்டினார்கள். திரும்பும்போது பேருந்தைக் கண்டதும் எனக்குக் கால் நிற்கவில்லை. முதல் ஆளாக ஏறிப் பின்வரிசை முழுக்கக் கைக்குட்டை போட்டுவிட்டேன். எல்லோரும் ஏறினார்கள். இடம் இல்லாதவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், பின்வரிசைக்கு ஒருவரும் வரவில்லை. ஏழு பேரும் தேறிக் கரைக்கு இறங்கியிருக்கிறார்கள் என்று நினைத்து, நோயாளிகளுக்கு இடம் விட்ட மரியாதை. ஓட்டுநர் வண்டியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். கப்பல் ஒருமுறை ஊதியது. எனக்கு முன்னால் தொப்பி போட்ட ஒரு அம்மா நின்றுகொண்டிருந்தார். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவராம், இது பிறகு தெரிந்தது. அவர் ஓட்டுநரிடம், "ஏன்ப்பா இன்னும் எடுக்கல?" என்றார்.

"பின்னாடி சாரோட ஆளுங்க ஏழு பேர் வரணும்மா."

அந்த அம்மா திரும்பி என்னைப் பார்த்தார், பிறகு கைக்குட்டைகளைப் பார்த்தார். எல்லாம் ஒரே கரை, ஒரே மடிப்பு. "அவருக்கு யாரும் வரல. நீ எடு" என்றார்.

"சார் வர்றாங்கன்னாரேம்மா."

"எவ்வளவு வண்டிக்குக் கொடி காட்டியிருப்பேன். வர்றவங்க மூஞ்சி எனக்குத் தெரியாதா? எடுப்பா."

பொது இடத்தில் ஒருவரைப் பற்றி இப்படிச் சொல்வது நாகரிகமல்ல. ஆனால் வண்டி கிளம்பிவிட்டது. அந்த அம்மா ஒரு கைக்குட்டையை எடுத்து மடித்து என் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.  கப்பல் ஏணி ஏறும்போது, "ராத்திரி சாப்பாட்டுக்கு அந்தப் பெரிய மேசைதானே?" என்றார்.

அன்று இரவு நான் வழக்கம்போல் ஏழு கைக்குட்டையும் போட்டு முடித்ததும் வந்தார். ஒன்றை எடுத்து மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தார். "இது ஆளுங்களுக்கு" என்று முனகினேன். "வரட்டும். வந்தா எந்திரிக்கிறேன்" என்றார். அவர் உட்கார்ந்ததைப் பார்த்து, மூலையில் தனி மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற பல் டாக்டர் தட்டோடு வந்தார். இஞ்சி அம்மா வந்தார், ஏழு பேரைப் பற்றி நான் சொன்னதை நினைத்து ஒரு முறை முறைத்துவிட்டு உட்கார்ந்தார். அந்தக் கப்பலில் தனியாக வந்தவர்கள் இத்தனை பேர் என்று எனக்கு அதுவரை தெரியாது. எல்லோரும் எதையோ படிப்பதுபோல் சாப்பாட்டு அட்டையைப் பிடித்துக்கொண்டு தனித்தனியாக உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏழு ஆக்கிரமிப்பும் முடிந்துவிட்டது. ஏழு கைக்குட்டையும் மடித்து என் முன்னால் அடுக்கப்பட்டிருந்தன. அப்போது கைத்தடியோடு ஒரு பெரியவர் வந்து நின்று, "இங்க இடம் இருக்குமா?" என்றார்.

நான் எழுந்துவிட்டேன்.

"நீங்க எங்க கிளம்பிட்டீங்க?" என்றார் தொப்பி அம்மா.

"இல்ல, அவர் உட்காரட்டும். எனக்குப் பழக்கம்தான்."

"நல்ல பழக்கம்" என்றவர், மேசைப் பணியாளரைக் கூப்பிட்டு, "தம்பி, இன்னொரு நாற்காலி கொண்டு வா" என்றார். கொண்டு வந்தார். ஆளாளுக்குக் கொஞ்சம் நகர்ந்தார்கள். அவ்வளவுதான் நடந்தது. ஒன்பதாவது நாற்காலிக்கு அந்த மேசையில் இடம் இருந்தது, அக்கா. ஊரையே அளந்தவன் நான், நம் வீட்டில் ஒருநாளும் இதை அளந்து பார்க்கவில்லை. உங்களில் யாருக்கும் தோன்றவில்லை என்பதைக் குறையாகச் சொல்லவில்லை.

உட்கார்ந்தேனே ஒழிய சோறு இறங்கவில்லை. வலப்பக்கம் பல் டாக்டர், இடப்பக்கம் இஞ்சி அம்மா, நடுவில் எழ வேண்டிய அவசியமே இல்லாமல் நான். எதற்கோ எழுந்து நிற்க வேண்டும்போல் முழங்கால் துடித்துக்கொண்டே இருந்தது. இரண்டு முறை எழுந்து தண்ணீர்க் குவளையை நகர்த்தி வைத்தேன். மூன்றாம் முறை தொப்பி அம்மா, "ஏங்க, வண்டி ஏதாவது பிடிக்கணுமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அறைக்கு வந்து யோசித்ததில் ஒன்று தெளிவாகிவிட்டது. தனியாக ஒரு நாற்காலியில் உட்காரத் தெரியாதவனுக்குத் தனியாக ஒரு வீடு எதற்கு? நீ சொன்னது சரி. மாமா சொன்னது அதைவிடச் சரி. பேச்சு பேச்சாக இருக்கட்டும்.

ஆகவே கப்பல் கரை சேர்ந்ததும் வீட்டைக் காலி செய்துவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை பெரிய மாப்பிள்ளையிடம் சொல்லி வேன் அனுப்பு. கட்டிலும் புத்தகமும் அளவைச் சங்கிலியும்தான் சாமான். பேரனை நான் ஸ்கூலில் விடுகிறேன், தொட்டியையும் பார்த்துக்கொள்கிறேன். அடுத்த மாதம் சின்னவள் கல்யாணத்துக்கு முன்வரிசை முழுவதும் பிடித்துத் தரவேண்டும் என்று கேட்டிருந்தாய். மண்டபம் திறக்கும்போதே வாசலில் நிற்பேன், கவலைப்படாதே.

மாமாவுக்கு என் வணக்கம். சின்னவளும் அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவரும் உட்கார்ந்த இடத்தில் நிம்மதியாக இருந்து நீடூழி வாழட்டும். பேரனுக்கு முத்தம். உன் முழங்காலைப் பார்த்துக்கொள்.

என்றும் உன் சொல்லைத் தட்டாத,
தம்பி

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு, ஒட்டுவதற்குப் பசை கேட்கலாம் என்று மேல்தளத்துக்குப் போனேன். வெயில் ஏறிவிட்டது, நாற்காலி எல்லாம் நிறைந்திருந்தது. நீலக் கோடு போட்ட நாற்காலி மட்டும் காலி. அதன்மேல் ஒரு தொப்பி இருந்தது. பக்கத்து நாற்காலியில் தொப்பி இல்லாத தொப்பி அம்மா. "யாருக்குங்க இது?" என்றேன். "உங்களுக்குத்தான், அன்னைக்கு நின்னுகிட்டே காவல் காத்தீங்களே அதே நாற்காலி. காலையிலிருந்து எத்தனை பேர் கேட்டாங்க தெரியுமா? ஆள் வர்றாங்கன்னு சொல்லிச் சொல்லி என் வாய் வலிச்சுப் போச்சு. இவ்வளவு லேட்டாவா வருவீங்க?" என்றார்.

உட்கார்ந்தேன். சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தேன்.

வேன் அனுப்ப வேண்டாம். மாடி அறையை வாடகைக்கு விடு, நல்ல காற்று வரும் அறை. கப்பல் வியாழக்கிழமை மறுபடியும் கிளம்புகிறது, அதே அறையைச் சொல்லி வைத்திருக்கிறேன். கல்யாணத்துக்கு எல்லோரையும்போல வந்துவிடுவேன். எனக்கு ஒரு இடம் பிடித்து வைக்கச் சொல்.

கைக்குட்டைகளைத் துவைத்துத் தேய்த்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஏழு இருக்கும்.