திறக்க மறந்த பூமி

பள்ளிக்கூட வேலையில் அப்பாவும் கை வைத்தால் பிள்ளைக்கு இரண்டு பேருடைய அறிவு கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். கிடைக்காது, பிள்ளைகளே. பிள்ளையின் அறிவு ஓரமாக ஒதுங்கி நிற்கும். அப்பாவின் ஆர்வம் மட்டும் கூடத்தின் நடுவில் நின்று ஆடும். இதை நான் எண்பது கிலோ எடையில் ஒரு பூமியைச் செய்து தெரிந்துகொண்டேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். படிவம் மூன்றோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, படிப்பை நிறுத்தியவன் நான். மலேசியாவில், ஜொகூர் மாநிலத்துக் கோத்தா திங்கிக்கு வெளியே, பெருஞ்சாலை ஓரமாக, ஒரு சீன முதலாளியின், எங்கள் பேச்சில் தவுக்கேயின், பட்டறையில் சிமெண்டு வார்ப்பு வேலை. கால்வாய் வளையம், பூந்தொட்டி எல்லாம் செய்வோம். பெரிய வீடுகளின் வாசல் தூண் உச்சியில் உருண்டையாக ஒரு பந்து உட்கார்ந்திருக்குமே, அதில் நான் கெட்டிக்காரன். இருபது வருடத்தில் எத்தனை பந்து வார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. (தெரிந்திருந்தால் அதையும் பெருமையாகச் சொல்லியிருப்பேன்.)

என் மகள் யாழினி அப்போது தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு. ஒரு நாள் பள்ளியிலிருந்து ஒரு தாளோடு வந்தாள்.

"அப்பா, அறிவியல் கண்காட்சிக்கு நான் பூமியோட உள்ளமைப்பு எடுத்திருக்கேன். நாலு கலர்ல பிளாஸ்டிசின் வாங்கித் தாங்க."

"பிளாஸ்டிசினா? பூமிய யாராச்சும் களிமண்ணு மாதிரி உருட்டி வைப்பாங்களா?"

"எல்லாரும் அதுலதாம்பா செய்வாங்க."

"அதான் எல்லாரும் தோத்துப் போறாங்க."

"அவ கேட்டத வாங்கிக் குடுத்துட்டுப் பேசாம இருங்களேன்," என்று அடுப்படியிலிருந்து என் மனைவி சரசு சொன்னாள். அன்றைக்கு அந்த வீட்டில் சொல்லப்பட்ட ஒரே புத்தியான வார்த்தை அதுதான். அதை நான் கேட்கவில்லை.

யாழினி கொண்டுவந்த தாளில் விதிகள் இருந்தன. முதல் இடம் பிடிக்கும் ஒருவர் மட்டும் மாவட்டப் போட்டிக்குப் போகலாம். உள் அடுக்குகள் கண்ணுக்குத் தெரிந்தால் நாற்பது புள்ளி, விளக்கத்துக்கு அறுபது. மாவட்டத்துக்குப் போயே ஆக வேண்டும் என்று அவளுக்கு ஒரு வெறி. நான்கு பக்கம் எழுதி, அலமாரிக் கண்ணாடி முன் நின்று, ஒரு சட்டக்கோலால் வெறும் காற்றைச் சுட்டிக்காட்டிச் சுட்டிக்காட்டிப் பழகிக்கொண்டிருந்தாள். புத்தகத்தில் இருந்த படத்தையும் என்னிடம் காட்டினாள். தர்பூசணியில் ஒரு துண்டு எடுத்தது போல, பூமியில் கால் பாகத்தை வெட்டி எடுத்த படம்.

"இதே மாதிரி தொறந்து இருக்கணும்பா. அப்பத்தான் நான் உள்ள காட்டிப் பேச முடியும்."

"தெரியும் லா. அப்பாவுக்கே பாடமா?"

நான் அந்தப் புத்தகத்தை இரண்டு இரவு படித்தேன். பொய் சொல்லவில்லை, அசந்துபோனேன். நம் காலடியில் இருப்பது மேலோடு. அதற்குக் கீழே கவசம். அது முழுக்கச் சூடான பாறை. குழம்பு மாதிரி கொதித்துக்கொண்டிருக்கும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இல்லையாம், கெட்டிப் பாறைதானாம். ஆனாலும் ரொம்ப ரொம்ப மெதுவாக நகருமாம். அதற்கும் கீழே வெளிக்கரு, உருகிய இரும்பு. நட்டநடுவில் உட்கரு, அதுவும் இரும்புதான், ஆனால் கெட்டி. மேலோடு ஒரே துண்டாக இல்லாமல் பல பெரிய தட்டுகளாகப் பிரிந்து, நம் விரல் நகம் வளரும் வேகத்தில் நகர்ந்துகொண்டிருக்கிறது. நம் ஜொகூர் ஒரு தட்டின் உள்பக்கமாக இருக்கிறது. அந்தத் தட்டின் ஓரம் சுமத்ராவுக்கு அந்தப் பக்கம். அங்கே ஓரங்கள் உரசினால், இங்கே உயரமான அடுக்குமாடிகளில் இருப்பவர்களுக்குத் தலை சுற்றுகிறது.

இவ்வளவும் படித்த பிறகு பிளாஸ்டிசின் வாங்க எனக்கு எப்படி மனசு வரும்?

பட்டறையில் வேலை முடிந்ததும் ஆரம்பித்தேன். அளவெல்லாம் சரியாகக் கணக்குப் போட்டேன். பந்தின் குறுக்களவு பதினாறு அங்குலம். நடுவில் உட்கரு, ஏறக்குறைய ஒரு டென்னிஸ் பந்து அளவு, வெள்ளைச் சிமெண்டில். அதன்மேல் மஞ்சள் கலந்து வெளிக்கரு. அதன்மேல் காவி கலந்து கவசம். ஒவ்வொரு அடுக்கும் காய்ந்த பிறகுதான் அடுத்தது. மேலோட்டுக்குக் கணக்குப் போட்டபோதுதான் சிரிப்பு வந்தது. என் பந்தில் அதன் கனம் ஒரு மில்லிமீட்டர்தான் வருகிறது. நாம் வீடு கட்டி, தார் ரோடு போட்டு, எல்லைத் தகராறு பண்ணிக்கொண்டிருக்கும் இந்தத் தரை, மொத்தப் பூமிக்கு ஒரு பெயின்ட் பூச்சு! சரி, பெயின்டாகவே அடித்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

பட்டறையில் வளையம் அறுக்கிற பெரிய வட்ட ரம்பம் ஒன்று இருக்கிறது. பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் பந்தை அதில் கொடுத்துக் கால் பாகத்தை அறுத்து எடுத்துவிடுவதுதான் என் திட்டம்.

இப்போது கவனியுங்கள். ஒரு மனிதன் இருபது வருடம் வாசல் பந்து வார்த்தால் அவன் கைக்கு ஒரு பழக்கம் வந்துவிடும். அச்சைப் பிரி. ஒட்டுக்கோட்டைத் தேய். குழி இருந்தால் அடை. ஈரச்சாக்கு போர்த்து. ஏழு நாள் தண்ணீர் தெளி. பெயின்ட் அடி. என் கை இதையெல்லாம் ஒன்று விடாமல் செய்தது. ஒரு ஊசி நுழைய இடமில்லாமல் அடைத்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடலுக்கு நீலம், நிலத்துக்குப் பச்சை, தட்டுகளின் ஓரத்துக்குக் கறுப்புக் கோடு. நம் ஊருக்கு ஒரு சிவப்புப் பொட்டு வைத்தேன். (அந்தப் பொட்டில் பாதித் தீபகற்பமே மறைந்துபோனது. பரவாயில்லை, நம் ஊர்தானே.)

கூட வேலை செய்யும் பாலன் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"அண்ணே, சத்தியமா சொல்றேன், சூப்பர் லா. ஒரு கீறல் இல்ல."

"நம்ம கை அப்படி," என்றேன்.

வீட்டில் யாருக்கும் காட்டவில்லை. யாழினி கேட்டதற்கெல்லாம் "நாளைக்குப் பாரு" என்றுதான் சொன்னேன். ரம்பம் பத்தடி தூரத்தில், என் மூக்குக்கு நேரே, சும்மா நின்றுகொண்டிருந்தது.

சனிக்கிழமை காலை தவுக்கேயின் லாரியில் பூமி பள்ளிக்குப் போனது. நான்கு ஆண்கள் சேர்ந்து இறக்கினோம். விமலா டீச்சர் ஒதுக்கியிருந்த மேசையில் வைத்ததும் மேசையின் முன்கால் இரண்டும் மெதுவாக மண்டியிட்டன.

"அண்ணே, தூக்குங்க, தூக்குங்க! அது பள்ளிக்கூடச் சாமான்!" என்று டீச்சர் அலறினார்.

கடைசியில் தரையில் ஒரு பழைய டயரைப் போட்டு, அதன்மேல் பூமியை உட்காரவைத்து, சரசுவின் பழைய பட்டுச் சேலையால் மூடினேன். யாழினி சட்டக்கோலும் நான்கு பக்கமுமாக வந்து நின்றாள். சீருடையை இரண்டு தடவை இஸ்திரி போட்டிருந்தாள். நான் சேலையை இழுத்தேன்.

முதலில் அவள் முகம் மலர்ந்தது. அப்புறம் பந்தை ஒரு சுற்று சுற்றி வந்தாள். இன்னொரு சுற்று வந்தாள். குனிந்து டயருக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அப்பா."

"என்னம்மா?"

"தொறப்பு எங்கப்பா?"

அந்த நொடியில் எனக்குள் என்ன நடந்தது என்று எழுத என் படிவம் மூன்று போதாது. நான்கு அடுக்கு. நான்கு நிறம். சரியான அளவு. பதினைந்து நாள் உழைப்பு. எல்லாம் உள்ளே, பத்திரமாக, யார் கண்ணும் படாமல்.

"உள்ள இருக்கும்மா," என்றேன்.

"உள்ள இருந்தா எப்படிப்பா காட்டுறது?" அவள் உதடு துடித்தது. "நாப்பது புள்ளிப்பா!"

சரசு நெற்றியில் அடித்துக்கொண்டாள். "பிளாஸ்டிசின்னு எத்தன தடவ கேட்டா புள்ள!"

நான் லாரிக்கு ஓடினேன். சுத்தியலும் உளியும் எடுத்து வந்தேன். நடுவர்கள் வர இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. ஒரு மூலையையாவது பெயர்த்துவிடலாம் என்று கணக்கு. (பந்துக்கு மூலை ஏது?) ஓங்கி ஒரு அடி. சுத்தியல் துள்ளித் திரும்பி வந்தது. நான் வார்த்தது வாசல் தூணுக்கான கலவை. மாடு மோதினாலும் உடையாது. இன்னொரு அடி. ஆஸ்திரேலியா மட்டும் சில்லாகப் பெயர்ந்து போய் விழுந்தது. மூன்றாவது அடியில் டயர் நழுவி, பூமி அரை வட்டம் உருண்டு, பக்கத்து மேசையில் இடித்தது. அங்கே மூன்று மாணவிகள் வைத்திருந்த எரிமலை, நேரம் வருமுன்னே புளிக்காடியும் சோடா மாவும் கலந்து, பொங்கி வழிந்தது.

"அண்ணே! எங்க எரிமல!" என்று அந்த மாணவிகளில் ஒருத்தியின் அம்மா கத்தினார். "ஒங்களுக்குக் கண்ணு இல்ல?"

"அலாமாக்! யாருங்க கூடத்துக்குள்ள சுத்தியல் கொண்டாந்தது?" என்று கேட்டபடி தலைமையாசிரியர் உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால் இரண்டு நடுவர்கள். அவர்கள் பொங்கி வழிகிற எரிமலையைப் பார்த்து, "அடடா, எவ்வளவு தத்ரூபமா இருக்கு!" என்று கைதட்டினார்கள்.

யாழினி என் கையிலிருந்த சுத்தியலைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அப்பா, நீங்க தள்ளி நில்லுங்க. தயவுசெஞ்சு."

நான் போய்ச் சுவரோடு சுவராக நின்றேன். நடுவர்கள் வந்தார்கள். மூத்தவர், மூக்குக் கண்ணாடி போட்டவர், பந்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. உள்ளமைப்புன்னு போட்டிருக்கே, உள்ள எங்கம்மா?"

யாழினி தன் நான்கு பக்கத்தையும் மடித்துப் பையில் வைத்தாள்.

"உள்ள யாருமே பாத்ததில்ல சார்," என்றாள். "மனுசங்க தோண்டுனதுலயே ரொம்ப ஆழமான குழி பன்னெண்டு கிலோமீட்டர்தான். இந்தப் பந்துல அது பெயின்டக்கூட முழுசாத் தாண்டாது."

"அப்ப உள்ள என்ன இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிச்சாங்க?"

"நிலநடுக்கத்த வச்சு சார். ஒரு எடத்துல பூமி அதிர்ந்தா அந்த அலை உள்ள பூந்து மறுபக்கம் வரும். ஒரு வகை அலை திரவத்துக்குள்ள போகாது. அது மறுபக்கம் வந்து சேரல. அதனால நடுவுல எங்கயோ திரவம் இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டாங்க. அதுதான் வெளிக்கரு." பிறகு என் சுத்தியலால் பந்தை லேசாகத் தட்டினாள். "காத வச்சுக் கேளுங்க சார்."

அந்தப் பெரிய மனிதர் முட்டி போட்டு உட்கார்ந்து, பசிபிக் கடலில் காதை வைத்தார். யாழினி மறுபடி தட்டினாள். டொக். டொக்.

"எனக்கு ஒண்ணும் தெரியலயேம்மா."

"அவங்களுக்கு ஒலகம் பூரா மெஷின் இருந்துச்சு சார். எங்கிட்ட எங்கப்பா சுத்தியல் மட்டுந்தான் இருக்கு."

மனிதர் சிரித்துவிட்டார். ஆனால் நடுவர் நடுவர்தான். எழுந்து, முட்டியைத் தட்டிக்கொண்டு, கடைசியாக ஒன்று கேட்டார். "இந்தப் பந்துக்குள்ள அடுக்கு இருக்குன்னு நான் எப்படிம்மா நம்புறது? வெறும் சிமெண்டாக்கூட இருக்கலாமே?"

யாழினி திரும்பி என்னைப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை எந்த அப்பனும் வாங்கக் கூடாது. பிறகு பெருமூச்சு விட்டுச் சொன்னாள்.

"எங்கப்பா சொல்றாரு சார், உள்ள இருக்குதாம்."

கூடம் வெடித்துச் சிரித்தது. எரிமலை அம்மாகூடச் சிரித்தார்.

விளக்கத்துக்கு அறுபதுக்கு அறுபது கொடுத்தார்கள். உள் அடுக்குகளுக்கு முட்டை. முதல் இடம் எரிமலைக்கு. ஆமாம், நான் இடித்துப் பொங்கவைத்த அதே எரிமலைதான் மாவட்டத்துக்குப் போனது. யாழினிக்கு இரண்டாம் இடம். பூமியை மறுபடி தூக்க என்னோடு இறக்கிய மூன்று பேரும் மறுத்துவிட்டதால், அது பள்ளியிலேயே தங்கிவிட்டது. அடுத்த வருடம் அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. தானே பிளாஸ்டிசின் வாங்கி, தானே செய்து, தானே மாவட்டத்துக்குப் போனாள். நான் லாரி ஓட்டிக்கொண்டு கூடப் போனேன். வேறு எதையும் தொட எனக்கு அனுமதி இல்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் என் வாய்க்கு மரியாதை இல்லை. வண்டியில் பெட்ரோல் இருக்கிறது என்று சொன்னால், "அப்பா சொல்றாரு, உள்ள இருக்குதாம்." காய்ச்சல் மாதிரி இருக்கிறது என்றாலும் அதே பதில்தான். சொந்தக்காரர்கள், பாலன், எல்லோருக்கும் அது பாடமாகிவிட்டது. தவுக்கேகூட அரைகுறைத் தமிழில் சொல்லிச் சிரிக்கிறார்.

போன மாதம் எனக்கு விலாவுக்குக் கீழே தாங்க முடியாத வலி. கிளினிக்குக்குப் போனோம். யாழினிக்கு இப்போது பதினேழு வயது.

"எங்க வலிக்குது?" என்று டாக்டர் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள்: "அப்பா சொல்றாரு டாக்டர், உள்ள இருக்குதாம்."

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைப் படுக்கவைத்து, வயிற்றில் ஏதோ பசையைத் தடவி, ஒரு கருவியை வைத்து அழுத்தினார். திரையில் சாம்பல் நிறத்தில் என்னென்னவோ அசைந்தது. யாழினி என் காதருகே குனிந்து, அது ஒலியை உள்ளே அனுப்பித் திரும்பி வருகிற எதிரொலியைக் கேட்கிறது, நிலநடுக்க அலையை வைத்துப் பூமியைப் பார்த்த மாதிரிதான் என்று ஒரு முழுப் பாடமே நடத்தினாள். வலியில் நான் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"பித்தப்பையில கல்லு இருக்கு," என்றார் டாக்டர். "ஆபரேசன் பண்ணி எடுத்துடலாம்."

எனக்குப் பயம் ஒரு பக்கம். நான் சொன்னபடியே ஒரு பொருள் உள்ளே இருந்துவிட்டதில் சந்தோஷம் ஒரு பக்கம். சொன்னேனா இல்லையா என்பது போலச் சரசுவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு டாக்டரிடம்தான் பேசினாள்.

"இந்த ஒண்ணையாச்சும் வெட்டி எடுத்து வெளிய காட்டிடுங்க டாக்டர்."