குக்குட பஸ்பம்

அந்த ஞாயிற்றுக்கிழமை பென்னலூர் கறிக்கடையில்கூடக் கூட்டமில்லை. ஊரே ஏரிக்கரை மைதானத்தில் நின்றது. அங்கே ஒரு வேன். வேன் மேல் ஒலிபெருக்கி. அதற்குக் கீழே காவி கட்டிய கோழிச்சாமி.

சேவற்கொடியோனே கனவில் வந்து சூத்திரம் சொன்னாராம். அதன் பெயர் குக்குட பஸ்பம். தீவனத்தில் ஒரு சிட்டிகை கலந்தால், ஆறு மாதத்தில் வளரும் நாட்டுக்கோழி ஆறே வாரத்தில் வளர்ந்துவிடுமாம். முருகனுக்கு வேறு வேலையில்லை பாருங்கள், கோழித்தீவன ஆராய்ச்சியில் இறங்கிவிட்டார்!

ஒரகடத்தில் ஷிப்ட் முடிந்து, கம்பெனி பஸ்ஸிலிருந்து யூனிபார்மோடு இறங்கியவர்களும் வரிசையில் நின்றார்கள். மயிரிழை அளவு கீறல் இருந்தாலும் கார் கதவைத் திருப்பி அனுப்புகிற கெட்டிக்காரர்கள். பொட்டலத்தைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

முன்வரிசையில் கிளியம்மாள். கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறவள். வீட்டுக்குப் பின்னால் இருபது நாட்டுக்கோழிக் குஞ்சுகள் வைத்திருந்தாள். அவற்றை வளர்த்து விற்றுத்தான் மகள் கனிஷ்காவை நர்சிங்கில் சேர்க்க வேண்டும்.

"பஸ்பம் தின்ற குஞ்சுக்கு ஆஸ்பத்திரி சொட்டு மருந்து ஆவாது, தாயி. தெய்வம் கோச்சுக்கும்" என்றார் சாமி. அவள் மருந்து போடவில்லை. அந்த வாரமே குஞ்சுகளுக்கு வெள்ளைக்கழிச்சல் நோய் வந்தது. எட்டுக் குஞ்சுகள் செத்தன.

மறு ஞாயிறு அழுதுகொண்டே போய் நின்றாள். சாமி கண்ணை மூடினார். "உன் மனசுல சந்தேகம் கீது, தாயி. அதான் காவு வாங்கிச்சு. அடுத்த வாரம் மூணு குஞ்சு கொண்டா. என் கூண்டுல வெச்சு, ரெண்டே வாரத்துல மூணு மடங்கா வளர்த்துக் காட்டறேன்."

கிளியம்மாளுக்குத் தூக்கம் போயிற்று. தன் மனசே குஞ்சுகளைக் கொன்றுவிட்டதாக நினைத்து நினைத்து மருகினாள். மாடி அறையில் வாடகைக்கு இருந்த திருநெல்வேலிப் பெண் இசக்கிசெல்வியிடம் சொன்னாள். உதிரிபாகக் கம்பெனியில் தரம் பார்ப்பவள் அவள்.

"யக்கா, குஞ்சைத் தாராளமாக் குடுங்க. அதுக்கு முன்ன நகத்துல ஒரு பொட்டு வச்சிருதேன்" என்று, முறுக்கிய போல்ட்டில் அடையாளமிடும் பெயிண்ட் பேனாவால் மூன்று குஞ்சுகளின் பின்விரல் நகத்திலும் கடுகளவு மஞ்சள் பொட்டு வைத்தாள்.

"இன்னாடி இது? சாமிக்குத் தெரிஞ்சா?"

"கனவுல முருகனே வந்து பேசுதாருன்னா, இது தெரியாமலா போயிரும்?"

தெரியவில்லை.

இரண்டு வாரம் கழித்து சாமி கூண்டைத் திறந்தார். உள்ளே கொழுகொழுவென்று மூன்று கோழிகள். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. கிளியம்மாளும் கும்பிட்டாள். கும்பிட்ட கை இறங்குவதற்குள் இசக்கிசெல்வி காதில் சொன்னாள்: "நகத்தைப் பாருங்கக்கா."

கிளியம்மாள் ஒரு கோழியைத் தூக்கிக் காலைத் திருப்பினாள். பொட்டு இல்லை. அடுத்ததிலும் இல்லை. மூன்றாவதிலும் இல்லை.

"சாமி, என் குஞ்சுங்க நகத்துல மஞ்சப் பொட்டு இருந்துச்சே?"

சாமி கோழியின் காலை எட்டிப் பார்த்தார். "பஸ்பத்தோட உஷ்ணத்துல உருகிப்போச்சு, தாயி."

"இஞ்சின் சூட்டுக்கே உருகாத பெயிண்டு அது. உம்ம கோழி என்ன, இஞ்சினை விடச் சூடா?" என்றாள் இசக்கிசெல்வி.

அதற்குள் கிளியம்மாள் வேனின் பின்திரையை விலக்கிவிட்டாள். ஓர் அட்டைப்பெட்டிக்குள் கீச்கீச்சென்று மூன்று குஞ்சுகள். ஒவ்வொன்றின் பின்விரலிலும் மஞ்சள் பொட்டு. கொடுத்தபோது இருந்ததைவிட மெலிந்திருந்தன. பக்கத்தில் ஒரு மூட்டை தவிடு, ஒரு டப்பா மஞ்சள்தூள். அதுதான் பஸ்பம். கொழுத்த கோழிகள் சந்தையில் வாங்கியவை.

கிளியம்மாள் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு சாமியின் எதிரில் வந்தாள்.

"எட்டுக் குஞ்சு செத்துச்சே, அது நான் சந்தேகப்பட்டதாலயா, படாததாலயா?"

சாமி வேனில் ஏறப் போனார். ஷிப்ட் முடித்து வந்தவர்கள் சாவியைப் பிடுங்கினார்கள். போலீஸ் வரும்வரை, வாழ்க்கையில் முதல்முறையாக, கோழிச்சாமி மௌன விரதம் இருந்தார்.

மறுநாள் பன்னிரண்டு குஞ்சுகளையும் கூடையில் வைத்துக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள் கிளியம்மாள். எதிரே வந்த பக்கத்து வீட்டு மாரி, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டான்:

"யக்கா, இவன் டுபாக்கூர், சரி. வேற நல்ல சாமி எவுனாவது கீறானா?"

"உன் ரெண்டு காதுக்கும் நடுவுல ஒண்ணு கீது, மாரி. அதை ஒரு தபா கேட்டுப் பாரு" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.