சம்பந்தி கேட்ட பாய்லர்

புதுப்பட்டினம்

மதிப்பிற்குரிய சம்பந்தி ஹாஜியார் சைஃபுல்லா அவர்களின் சமூகத்துக்கு நூர்முகமது எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளை தௌசிஃபும் என் மகள் ஹாதியாவும் நலமாயிருக்க துஆ செய்கிறோம். போனில் என்றால் தாங்கள் பேசுவதைக் கேட்க மட்டுமே எனக்கு நேரம் கிடைக்கிறது. அதனால்தான் கடிதம்.

ஹாதியாவைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்துப்போக ஏழாம் மாதம் நாங்கள் செங்கல்பட்டு வந்தபோது, சீர்த்தட்டுகளை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, "உங்க வூட்ல பாய்லர் கீதா பாய்? புள்ளத்தாச்சிப் பொண்ணு, வெந்நி இல்லாத எடத்துக்கு எப்படி அனுப்பறது? போட்டுட்டு வந்து கூட்டிகினு போங்க" என்றீர்கள். நியாயம்தான். பெண்ணும் அங்கேயே நின்றுவிட்டாள், தட்டுகளும் நின்றுவிட்டன, நாங்கள் மட்டும் பஸ் ஏறினோம்.

பாய்லர் என்றால் எனக்குத் தெரிந்தது டீக்கடை பாய்லர்தான். எங்கள் தெருவில் தனகோடி டீக்கடையை மூடியபோது அவருடைய பித்தளை பாய்லர் விலைக்கு வந்தது, வாங்கிவிட்டேன். கரி போட்டு மூட்டினால் தண்ணீர் நன்றாகத்தான் கொதித்தது, ஆனால் என் வீட்டுக்காரி ரோஷன் பீவி குளித்துவிட்டு வந்தால் வீடெல்லாம் இஞ்சி டீ வாசனை. புகையைப் பார்த்து இரண்டு பேர் வாசலில் வந்து நின்று, "பாய், ஒண்ணு சக்கரை கம்மியா" என்றார்கள். தங்களுக்குப் போட்டோ அனுப்பினேன். "இன்னா பாய், கடை வெக்கிறீங்களா? நான் சொன்னது கீசரு!" என்று தாங்கள் பேசி அனுப்பியதைச் சொந்தக்காரர் குரூப் முழுவதும் கேட்டது. சிரித்த முகம் போட்டவர்களில் என் தம்பியும் உண்டு.

பிறகு ஸ்கூட்டரை விற்று கீசர் வாங்கினேன். கடையில் ஒட்டியிருக்கும் விலை அதைத் தொட்டுப் பார்ப்பதற்கு மட்டும்தானாம், மாட்டுவதற்கு ஆள், பைப், வால்வு, பிரேக்கர் என்று இன்னொரு கீசர் வாங்குகிற செலவு. மாட்ட வந்த எலக்ட்ரீஷியன் வரதன் சுவரில் டிரில்லை வைத்து அழுத்தினான், அது நேராகப் பக்கத்து வீட்டுப் பிரபாவதியின் சமையலறையில் போய் எட்டிப்பார்த்தது. "இது செவுரா பிஸ்கோத்தா பாய்?" என்று என்னையே கேட்டான். அந்தம்மாளின் ரசத்தில் சிமென்ட் விழுந்ததற்குத் தனியாகச் சமாதானம் செய்து, சுவரைப் பூசி, சுவிட்சைப் போட்டால் தெருவில் பாதி இருட்டு. "வயரு தாங்கல, மீட்டர்லேர்ந்து புதுசா இழுக்கணும்" என்றான். ரோஷன் பீவி வளையலைக் கழற்றிக் கொடுத்தாள். வயர் இழுத்து, வெந்நீர் வந்து, அல்ஹம்துலில்லாஹ் சொல்லி வாய் மூடவில்லை, கீசர் செத்துப்போயிற்று. கடைக்காரர் திறந்து பார்த்தார், உள்ளே உப்பு கல்லாகக் கட்டியிருந்தது. "கடலாண்ட வூடு வெச்சிகினு போர் தண்ணி வுட்டா இன்னா ஆவும்? இதுக்கு வாரண்டி கெடையாது பாய்" என்றார். கடலை நான் கொண்டுவந்து வைக்கவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

கீசருக்குள் தண்ணீரைச் சூடாக்கும் காயிலைப் புதிதாகப் போட்டாயிற்று. மாடியில் சின்ன டிரம் வைத்து, கேன் தண்ணீரை நானே தோளில் தூக்கிப்போய் ஊற்றுகிறேன். கீசர் கேன் தண்ணீர் குடிக்கிறது, நாங்கள் பஞ்சாயத்துக் குழாயில் வருவதைக் குடிக்கிறோம். மூச்சு வாங்குகிறது, பரவாயில்லை. எனக்குப் பயமெல்லாம் வேறு. ஒன்பதாம் மாதம் பிறந்துவிட்டது. பெண் பக்கத்தில் இல்லாமல் அவள் அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே தாங்கள் பெரிய மனது பண்ணி ஒரு நாள் சொன்னால் வந்து அழைத்துக்கொள்வோம். குறையிருந்தால் பொறுத்தருள வேண்டும். அல்லாஹ் தங்கள் குடும்பத்துக்கு எல்லா பரக்கத்தும் தருவானாக. சம்பந்தியம்மாவுக்கு ரோஷன் பீவியின் சலாம்.

தங்கள் பணிவுள்ள,
நூர்முகமது

பி.கு.: கவரை ஒட்டப்போகும்போது ஹாதியா போன் செய்தாள். தொண்டை கட்டி, வார்த்தைக்கு வார்த்தை இருமல். "நம்ம வூட்ல வெந்நி வருதும்மா!" என்று அவள் அம்மா பெருமையாகச் சொன்னாள். "நீங்களாவது குளிங்கம்மா. இங்க மூணு பாத்ரூம்லயும் கீசரு கீது, எனக்கு மட்டும் சுச்சு போட வுட மாட்டாங்க. கரண்டு பில்லு ஏறுதாம். பச்சத் தண்ணிலதான் குளிச்சிகினு கீறேன்" என்றாள். எப்போதிலிருந்து என்று கேட்டேன். "கல்யாணம் ஆனதுலேர்ந்துப்பா."

ஹாஜியார், மேலே தாங்கள், தங்கள் என்று வருகிற இடங்களிலெல்லாம் நீர், உமது என்று திருத்திப் படியும். பொறுத்தருளச் சொன்ன வரியை அடித்துவிடும். இது தபாலில் வராது. ஆட்டோவை வாசலில் நிறுத்திவிட்டு நானே கையில் கொடுப்பேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, உட்கார்ந்து, ஒரு வரி விடாமல் நிதானமாகப் படியும். அதற்குள் என் பெண்ணை நான் வண்டியில் ஏற்றிவிடுவேன்.