தங்க முத்திரைக்குப் போகும் வழியில் ஒரு கூட்ஸ் வண்டி

மதிப்புக்குரிய மச்சான் ஆர்டெல் அவர்களுக்கு,

அலபாமாவின் இந்த மூலையிலிருந்து, உங்கள் தங்கை வெர்லீனைக் கட்டிய ஹோலிஸ் பணிவன்புடன் எழுதுவது. இங்கே இருவரும் நலம். கடிதம் என்றால் போடவேண்டும் என்று போட்ட நலம் இல்லை, டாக்டர் கையையும் காலையும் ஆட்டிப் பார்த்துச் சொன்ன நலம். உங்கள் முதுகுவலியும் மீன்பிடிப் படகும் எப்படி இருக்கின்றன என்று அறிய ஆவல்.

சனிக்கிழமை வேன் கொண்டுவந்து வெர்லீனை உங்கள் வீட்டுக்கே கூட்டிப்போகப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டீர்கள். பதில் சொல்ல இடம் கொடுக்காததால் தபாலில் சொல்கிறேன். பக்கவாத சிகிச்சைக்குத் தங்க முத்திரைச் சான்றிதழ் வாங்கி, நெடுஞ்சாலை நெடுக போர்டு வைத்திருக்கும் ஆஸ்பத்திரியை விட்டுவிட்டு, கூரை ஒழுகும் உள்ளூர் கவுண்டி ஆஸ்பத்திரியில் தங்கச்சியைத் தள்ளிய பாவி நான் என்பது உங்கள் வாதம். நடந்ததைக் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

அன்று புதன்கிழமை. சர்ச்சில் ராத்திரி விருந்து என்பதால் வெர்லீன் வாழைப்பழப் புட்டிங் செய்து ஆறவைத்திருந்தாள். நான் ஓரமாக ஒரே ஒரு கரண்டி எடுத்தேன். அது நடு என்கிறாள் அவள். "ஏங்க, எலி கொறிச்ச மாதிரி இருக்கே, இதையா நான் பாஸ்டர் முன்னாடி கொண்டுபோய் வைக்கிறது?" என்று பிடித்தவள், எங்கம்மா என்னை வளர்த்த லட்சணம் வரைக்கும் வந்துவிட்டாள். அப்போது மத்தியானச் சங்கு ஊதியது. மாதத்தின் முதல் புதன்கிழமை சூறாவளிச் சங்கு வேலை செய்கிறதா என்று ஊதிப் பார்ப்பார்களே, அது. சங்கு ஊதும்போது நிறுத்துவாள், நின்றதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள், கல்யாணமான நாளிலிருந்து இதுதான் வழக்கம். அன்றைக்குச் சங்கு நின்றது, அவள் தொடங்கவில்லை. முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். அப்புறம் திரும்பிப் பார்த்தேன். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது, வலது கை தொங்கியது.

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் அது கவுண்டியின் அந்தக் கோடிக்குப் போயிருக்கிறது, காத்திருங்கள் என்றார்கள். காத்திருக்க முடியுமா? அவளைத் தூக்கி என் பழைய டிரக்கில் வைத்தேன். புட்டிங் பாத்திரத்தை இடது கையால் அணைத்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறாள், சரி, அதையும் ஏற்றினேன். எங்கள் ஃபிரிட்ஜில் நீங்கள் ஒட்டிவிட்டுப் போன அந்த ஆஸ்பத்திரி விளம்பரக் காந்தம் சொன்னபடி தங்க முத்திரைக்குத்தான் வண்டியை விட்டேன், பைபிள் மேல் சத்தியம். ரயில்வே கேட்டில் கூட்ஸ் வண்டி குறுக்கே நின்றுவிட்டது. ஓடவில்லை, நின்றது. இந்தக் கோடியும் தெரியவில்லை, அந்தக் கோடியும் தெரியவில்லை. எஞ்சின் டிரைவர் எங்கோ இறங்கிப்போய்க் கோழி வறுவல் சாப்பிடுகிறான் போல. தங்கம் அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். வண்டியைத் திருப்பினேன்.

கவுண்டி ஆஸ்பத்திரியில் கூரைக்குக் கீழே வாளி வைத்திருந்தார்கள். ட்ரூடி என்ற நர்ஸ் ஓடிவந்தாள். "உங்களுக்குச் சான்றிதழ் ஏதாவது இருக்காம்மா?" என்று கேட்டேன்.

"தீயணைக்கிற சிலிண்டருக்கு ஒண்ணு இருந்துச்சு. போன வருஷமே முடிஞ்சுபோச்சு. கடைசியா எப்ப இவங்க நல்லாப் பேசினாங்க?"

"என்னைத் திட்டினப்ப."

"எப்ப திட்டினாங்க?"

"எப்ப திட்டலைன்னு கேளு."

"தாத்தா, நேரம் தெரியாம மருந்து போட முடியாது."

அப்போதுதான் சங்கு ஞாபகம் வந்தது. சங்குக்கு முன்னாடி திட்டினா, பின்னாடி திட்டலை என்றேன். ட்ரூடி என் கன்னத்தைத் தட்டிவிட்டு ஓடினாள். அடுத்து ஒரு டிவியை உருட்டிக்கொண்டு வந்தார்கள். பெண்டாட்டி சாகக் கிடக்கிறாள், இவர்கள் சீரியல் போடுகிறார்களே என்று நான் கத்திவிட்டேன். டிவிக்குள் இருந்த பெண், "ஐயா, நான்தான் டாக்டர், கொஞ்சம் தள்ளி நில்லுங்க, மறைக்குது" என்றாள். ஸ்கேன் எடுத்தார்கள், நரம்பில் மருந்து ஏற்றினார்கள். நான் வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். பொழுது சாயும்போது அவள் வலது கை விரல் ஒன்று அசைந்தது. அப்புறம் கண்ணைத் திறந்து, குழறிக் குழறிச் சொன்னாள்: "அந்தக் கரண்டியக் கழுவுனீங்களா?" விட்ட இடத்திலிருந்து, மச்சான். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அதோடு விட்டேனா? தங்க முத்திரைக்கே போன் போட்டு, உங்களிடம் வருகிறவர்களில் எத்தனை பேர் தங்கள் காலில் நடந்து வீட்டுக்குப் போகிறார்கள் என்று கேட்டேன். சீக்கிரம் ஸ்கேன் எடுக்கிறோமா, தண்ணீர் கொடுக்கும் முன் விழுங்க முடிகிறதா பார்க்கிறோமா, போகும்போது துண்டுப் பிரசுரம் கொடுக்கிறோமா, இதற்கெல்லாம்தான் முத்திரை என்றாள் போனை எடுத்த அம்மாள். "வீட்டுக்குப் போனப்புறம்?" என்றேன். "அதை இந்த முத்திரைக்குக் கேக்கறதில்லைங்க" என்றாள். எங்கள் ட்ரூடியோ வாராவாரம் போன் போட்டு, சட்டைப் பொத்தான் போட முடிகிறதா என்று விசாரிக்கிறாள். ஆக, தங்கமும் வேண்டாம் பித்தளையும் வேண்டாம், ஓட்டைக் கூரையே போதும் என்று உள்ளூர்ப் பேப்பருக்கும் எழுதப்போகிறேன். தயவுசெய்து வேன் கொண்டுவராதீர்கள். அவள் இல்லாத வீட்டில் சங்கு நின்றபிறகு நான் எதைக் கேட்பேன்?

உங்கள் முதுகுக்கு ஆண்டவர் நிவாரணமும், தூண்டிலுக்குப் பெரிய மீனும் அருளட்டும். உங்கள் வீட்டில் அக்காவுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
ஹோலிஸ் டிட்மோர்

பின்குறிப்பு: அண்ணா, நான் வெர்லீன். இவர் தபால்தலை தேடப் போயிருக்கார், சீக்கிரம் எழுதிடறேன். டிவியில வந்த டாக்டரம்மா உன் தங்க முத்திரை ஆஸ்பத்திரியில உட்கார்ந்துதான் எனக்கு வைத்தியம் பார்த்தாங்க. அவங்க கோட்டுப் பை மேலயே அந்த முத்திரை இருந்துச்சு. இவர் கண்ணாடி போடல. ஒழுகுற கூரைக்கு அடியில படுத்துக்கிட்டு உன் தங்கத்தையேதான் வாங்கியிருக்கேன். இவர்கிட்ட சொல்லிடாதே, பேப்பருக்கு எழுதினா ஒரு வாரம் வீட்ல அமைதியா இருப்பார். வேன் வேணாம். சும்மா பார்க்க வா, புட்டிங் செய்றேன். அன்னைக்கு இவர் எடுத்தது மூணு கரண்டி. எழுத்து கோணலா இருக்கேன்னு பயந்துடாதே, பள்ளிக்கூடத்துலயே என் கையெழுத்து இப்படித்தான்னு உனக்குத் தெரியும். வலது கையாலதான் எழுதினேன்.