கோட்டைக்குப்பம் துறைவிடு படலம்

வாழ்க லோகேஷ்! ஏழு கடல் கண்ட கண்ணினன், கயிறிழுத்துக் காய்ப்பேறிய கையினன், பன்னிரண்டு மாடிக் கப்பலின் பின்புறத்தே எட்டுத் திங்கள் நின்று பேரும் பெறாது புகழும் பெறாது மீண்ட பெருவீரன், கோட்டைக்குப்பம் ஈன்ற கோமகன், சிங்காரத்தின் மாப்பிள்ளை வாழ்க! அன்னவன் தன் மாமனாரின் படகை ஒருநாள் காலை ஏழரை மணிக்குத் துறையிலிருந்து வெளியே எடுத்த வரலாற்றைப் பாடப் புகுகின்றோம். காப்புச் செய்யுள் ஒன்று யாக்கத்தான் முயன்றோம். எதுகை கிடைத்தால் மோனை கிடைக்கவில்லை, இரண்டும் கிடைத்த வேளையில் மின்சாரம் போய்விட்டது. ஆதலின் ஏரியைக் காக்கும் அம்மனை உரைநடையிலேயே கும்பிட்டுத் தொடங்குகின்றோம். அவள் பொறுத்துக்கொள்வாள்.

நம் தலைவன் பணிபுரிந்தது உல்லாசக் கப்பல் என்று உலகோர் அழைக்கும் மிதக்கும் மாநகரில். அது துறைவிட்டு நீங்கும் மாட்சியை அவன் தேநீர்க்கடையில் விரித்துரைத்தபோது வடை ஆறிப்போனதும் அறியாது ஊரார் கேட்டிருந்தனர். துறைமுகத்தின் ஆழமேடறிந்த பைலட் முதலில் ஏறுவார். கேப்டனோ, கப்பலின் தோள்போல் வெளியே நீண்ட கண்ணாடிக் கூண்டில் நின்று, சுண்டுவிரலளவு கோலொன்றை அசைப்பார். கரையோடு பிணித்த கயிறுகள் ஒவ்வொன்றாய்க் கழலும். அடிவயிற்றில் குறுக்கே பொருத்திய விசிறிகள் நீரைக் கரைப்பக்கம் தள்ள, அப்பன்னிரண்டு மாடியும் முன்னும் போகாது பின்னும் போகாது, பக்கவாட்டிலேயே கரையைவிட்டு விலகும். நீண்ட ஊதல் ஒன்று திசையெட்டும் முழங்கும். மேல்தளத்துப் பயணிகள் கையசைப்பர், கரையில் நிற்போரும் கையசைப்பர். இவ்வாறு அவன் கூறி முடித்ததும், நாற்பதாண்டு ஏரியிலும் கடலிலும் படகோட்டிய சிங்காரம் தம் கண்ணாடித் தம்ளரைக் கீழே வைத்தார்.

"பக்கமா போவுமா? கப்பலா மாப்ள அது, நண்டா?"

கடை சிரித்தது. வடை போட்டுக்கொண்டிருந்தவரும் சிரித்தார். தலைவனும் சிரிக்க வேண்டியதாயிற்று.

ஈண்டு ஓர் உண்மையை மறைத்தல் காவிய அறமன்று. லோகேஷ் அக்கண்ணாடிக் கூண்டைக் கண்டதே இல்லை. அவனுடைய போர்க்களம் கப்பலின் பின்தளம். தாழ்ந்த கூரையும் கிரீஸ் வாடையும் உடைய நிலவறை போன்ற இடம். கயிறு வெளியே போவதற்கென்று பக்கச்சுவரில் விட்டிருந்த ஓட்டை வழியாகத்தான் அவன் உலகைக் கண்டான். பார்சிலோனா என்பது அவனுக்கு ஒரு சுவர். சிங்கப்பூர் என்பது சற்றே சுத்தமான சுவர். சுவர் விலகினால் கப்பல் கிளம்பிவிட்டது என்று பொருள். மற்றவற்றையெல்லாம் ஊழியர் சாப்பாட்டுக் கூடத்துத் தொலைக்காட்சியில் சோறு தின்றபடி பார்த்தான். அவனைப் பழிக்க நமக்கும் வாயில்லை; இதைப் பாடும் நாமே அத்தகைய கப்பலைத் தொடுவானத்தில் ஒரு வெள்ளைக் கோடாகக் கண்டதோடு சரி.

ஆயினும் அவன் வீண் பெருமைக்காக மட்டும் அளந்தானல்லன். ஊர் திரும்பிய அன்று, மூன்று வயது மகள் நிவேதா வாசலில் நின்று அவனை மேலும் கீழும் நோக்கி, உள்ளே திரும்பி, "அம்மா, அங்கிள் வந்துகீறாரு" என்று தாய் சுபஸ்ரீக்கு அறிவித்தாள். எல்லாரோடும் சேர்ந்து அவனும் சிரித்தான். பிறகு கிணற்றடிக்குப் போய் மூன்று முறை முகம் கழுவினான். அடுத்த எட்டு மாதத்துக்கு வருகிறாயா என்று கப்பலுக்கு ஆள் சேர்க்கும் ஏஜென்ட் தொலைபேசியில் கேட்டுவிட்டான். ஊரிலேயே தங்க வேண்டுமானால் மாமனாரின் படகு வேண்டும். சிங்காரத்துக்கு வலத்தோள் வலி. ஆனாலும் இன்ஜின் கைப்பிடியை அவர் எவருக்கும் தந்ததில்லை. இரு மாதமாக நம் தலைவன் அப்படகில் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான். பெட்டிக்கும் அவனுக்கும் பாரம் ஏறத்தாழ ஒன்றே.

அக்கரையில் உறவினர் வீட்டுக் காதுகுத்துக்குக் குடும்பமே புறப்பட வேண்டிய நாளுக்கு முந்திய மாலையில், சிங்காரம் ஒரு பிரகடனம் செய்தருளினார்.

"நாளிக்கு நீங்களே எடுங்க மாப்ள. ஒரு போட்டு மேலயும் படக்கூடாது. கழிய தொடக்கூடாது. நான் வாயே தொறக்க மாட்டேன். எடுத்துட்டீங்கன்னா, பிடி உங்களுது. இல்லியா, ஏஜென்ட்டுக்குப் போன் போடுங்க."

அன்றிரவு தலைவன் துயின்றானா என்று கேட்பீர்கள். நன்றாகவே துயின்றான், அவன் வீரத்தின் குறையே அதுதான்.

இனித் துறையைப் பாடுதும். கோட்டைக்குப்பத்துப் படகுத்துறை ஒரு சிமெண்ட் மேடை. அதில் கயிறு கட்டும் கட்டைகள் மூன்று, படகுகளோ நாற்பது. முந்தி வந்தவர் கட்டையில் கட்டுவர். பிந்தி வந்தவர் முந்தி வந்த படகின் பின்வளையத்தில் கட்டுவர். அவருக்கும் பிந்தியவர் அவர்மேல் கட்டுவர். நடுவிலுள்ளவர் கிளம்பினால், பின்னாலிருக்கும் படகின் கயிற்றை அவிழ்த்துக் கட்டைக்கு மாற்றிவிட்டு, கழியூன்றித் தள்ளிக்கொண்டு போவார். இதை யாரும் யாருக்கும் கற்பித்ததில்லை. மூக்கைச் சொறிவதுபோல் கை தானாகச் செய்யும். எட்டு மாதம் கப்பலில் நின்ற கை மட்டும் மறந்திருந்தது. ஏனெனில் உலகத்துத் துறைமுகம் எதிலும், ஒரு கப்பல்மேல் இன்னொரு கப்பலைக் கட்டிவிட்டு மீன் விற்கப் போகும் வழக்கம் இல்லை.

பொழுது புலர்ந்தது. சீர்வரிசைத் தட்டுகளோடு பட்டுடுத்த மகளிர் எழுவர் ஏறினர். நிவேதா தாயின் மடியில் பின்னோக்கி அமர்ந்தாள். சிங்காரம் படகின் முன்தலையில் கைகட்டி, வாய்பூட்டி, ஏரியைப் பார்த்து வீற்றிருந்தார். முன்னே ஒரு படகு, பின்னே ஒரு படகு, நடுவே சிங்காரத்தின் நீலப்படகு. முழங்கை அளவுகூட இடைவெளியில்லை. வெண்சட்டை தரித்த தலைவன் நடுப்பலகையில் ஏறி நின்று தன் படகிலிருந்து கரைக்குப் போகும் கயிறுகளை எண்ணினான். முன்கயிறு ஒன்று, பின்கயிறு ஒன்று, ஆகமொத்தம் இரண்டு. கணக்குச் சரி. பின்கயிற்றைக் கட்டையைச் சுற்றிப் போட்டு, இரு முனையும் தன் கையிலேயே வருமாறு பிடித்துக்கொண்டான். கரையில் ஆள் வேண்டாத கப்பல் உத்தி அது.

அவனிடம் பக்கவாட்டு விசிறி இல்லை. ஆனால் காலையில் நிலத்திலிருந்து ஏரிநோக்கி வீசும் கரைக்காற்று இருந்தது. அதற்காகவே ஏழரை மணியைத் தேர்ந்தான் என்பதை இங்கு மனமுவந்து பதிவு செய்கின்றோம். முழு மூடனின் கதையைப் பாட நமக்கு நேரமில்லை.

"முன்கயிறு... லெட் கோ!" என்று முழங்கினான்.

"இன்னாது?" என்றாள் சுபஸ்ரீ.

"கயித்த வுடும்மா."

அவள் விட்டாள். ஆகா, அவ்வேளை நிகழ்ந்ததை என் சொல்வோம்! காற்று மெல்லத் தோள்கொடுக்க, நீலப்படகின் முன்தலை, கழி தொடாமல், கரம் தொடாமல், முன்னின்ற படகை ஓர் அங்குலமும் உரசாமல், திருமண மேடையில் மணமகள் தலைநிமிர்வதுபோல் நாணி நாணி ஏரிப்பக்கம் திரும்பிற்று. மகளிர் எழுவரும் தட்டுகளை இறுகப் பற்றினர். சிங்காரத்தின் புருவம் ஒன்று உயர்ந்தது. ஆனால் வாய் திறக்கவில்லை. தலைவன் இன்ஜினை இழுத்தான். மூன்றாம் இழுப்பில் அது கனைத்தெழுந்தது. பின்கயிற்றின் ஒரு முனையை நழுவவிட்டு மறுமுனையைச் சுருட்டிக்கொண்டான். எட்டு மாதம் பின்கயிறு ஒன்றையே பார்த்து நின்றவன், கேப்டனான அந்த ஒரு காலையில் மட்டும் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. கேப்டன் என்பவர் முன்னேதான் பார்ப்பார் என்று அவன் தொலைக்காட்சியில் கண்டிருந்தான்.

மீஞ்சூரில் வாங்கி வைத்திருந்த ரப்பர் ஹாரனை எடுத்து நீண்ட முழக்கம் ஒன்று செய்தான். நாரைகள் எழுந்தன. கரையில் மீன்கூடையோடு நின்ற வளர்மதி கூடையைப் போட்டுவிட்டு இரு கையையும் உயர்த்தி அசைத்தாள். அசைத்தபடியே மேடையின் ஓரம்வரை ஓடிவந்தாள். ஏதோ கூவவும் செய்தாள். முன்பெல்லாம் முகங்கொடுத்துப் பேசாத வளர்மதி, இன்று தன் புறப்பாட்டுக்கு இத்துணை உருகுகிறாளே என்று தலைவன் நெஞ்சு நெகிழ்ந்தது. அவனும் மிடுக்கோடு கையசைத்தான். இன்னும் நால்வர் ஓடிவந்து அசைத்தனர். அவர்களுக்கும் அசைத்தான்; ஹாரனை மறுபடி ஒருமுறை அழுத்தினான்.

படகு இன்று ஏனோ கனத்தது. மகளிர் எழுவரின் பட்டும் நகையும் காரணம் என்று எண்ணிக்கொண்டு விசையைக் கூட்டினான். இருநூறு முழம் கடந்தான், ஏரி விரிந்தது. யாரையும் இடிக்கவில்லை, எதையும் தொடவில்லை, வென்றுவிட்டான்! அப்பொழுது, இரு மாதமாக அவனை அங்கிள் என்றே அழைத்துவந்த நிவேதா, தாய்மடியில் துள்ளி எழுந்தாள்.

"நைனா! நைனா! நம்ம பின்னாடி எல்லா போட்டும் வருது!"

நைனா என்றாள். அவன் காதில் விழுந்தது அவ்வொரு சொல்லே. எஞ்சியதைக் கேட்க அவனுக்கு அப்போது காது இல்லை. கண் நிறைந்தது, ஏரியும் வானமும் ஒன்றாய்க் கலங்கின. உலகின் கேப்டன்மார் அனைவரும் அக்கணத்தில் அவன்முன் தூசு. அங்ஙனம் அவன் மெய்ம்மறந்து நிற்க, பின்னாலிருந்து இன்னொரு குரல் எழுந்தது. இது கரகரத்த குரல். தூக்கம் கலையாத குரல்.

"யோவ்! எங்கய்யா இட்டுனு போற என்னிய?"

தலைவன் திரும்பினான். நீலப்படகின் பின்வளையத்தில் வளர்மதி வீட்டுப் படகு. அதன் பின்வளையத்தில் அடுத்த படகு. அதற்கும் பின்னே உள்ளூர் மீனவன் சுபாஷின் படகு. அதற்கும் பின்னே ஒன்று. நான்கும் கோணாமல் கோடுபிடித்தாற்போல் அணிவகுத்துத் தொடர்ந்தன. முந்திய இரவெல்லாம் வலைபோட்டுவிட்டு வந்து தார்ப்பாயின் கீழ் உறங்கிய சுபாஷ், அரைக்கால்சட்டையோடு நடு ஏரியில் எழுந்து நின்றான். கரையில் வளர்மதி கையசைப்பதை நிறுத்திவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றாள். அது வழியனுப்பு அல்ல என்பது அப்போது தலைவனுக்கும் விளங்கிற்று.

இன்ஜினை நிறுத்தினான். இன்ஜின் நின்றதும் சிரிப்பொலி கேட்டது. சிரித்தவர் சிங்காரம், தோள்வலி மறந்து, தொடையில் தட்டி, கண்ணில் நீர்வரச் சிரித்தார்.

"நான் அப்பவே பாத்தேன். வாயத் தொறக்க மாட்டேன்னு சொல்லிட்டேனே, இன்னா பண்றது? ஒரு போட்டு மேலயும் படல. கழியும் தொடல. ஆனா பாதி தொறைய கட்டி இஸ்துகினு வந்துட்டீங்களே, மாப்ள!"

லோகேஷ் நின்றிருந்த பலகையிலிருந்து இறங்கினான். வெண்சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டான். பிரகடனங்கள் அவனிடம் தீர்ந்துபோயிருந்தன.

"மாமா, நான் கேப்டன் நிக்கிற எடத்த ஒரு தபாகூட பாத்ததில்ல. எட்டு மாசமும் கயித்து ஓட்டையத்தான் பாத்தேன். மிச்சமெல்லாம் டிவில பாத்தது. வாய் மட்டுந்தான் கப்பலு."

சிங்காரம் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இத அன்னிக்கு டீக்கடைல சொல்லியிருந்தா, பிடிய அன்னிக்கே குடுத்திருப்பேனே. தொரத்தி உடணும்னு எனக்கு இன்னா ஆசையா? கொயந்த உங்கள அங்கிள்னு கூப்டுறத கேக்க எனக்கு மட்டும் நல்லாவா இருந்துச்சு?" என்றவர், படகின் அடியில் கிடந்த கழியை எடுத்து நீட்டினார். "பிடி உங்களுதுதான். ஆனா இதயும் வச்சுக்குங்க. மொதல்ல இவங்கள கொண்டாந்து கட்டுங்க. சுபாஷுக்கு ஒரு டீ வாங்கிக் குடுங்க."

துறைவிடு படலம் முடிந்து துறையடை படலம் தொடங்கிற்று. அதைப் பாடினால் நம் தலைவனின் மானமும் நம் காவியத்தின் மானமும் ஒருங்கே போகும். ஐந்து படகுகளையும் ஒன்றின்மேல் ஒன்று மோதாமல் கரைசேர்க்க அவனுக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று என்பதும், வளர்மதி அவ்வொன்றரை மணி நேரமும் ஓயாமல் பேசினாள் என்பதும், காதுகுத்து முடிந்து பந்தியும் முடியும் தறுவாயில்தான் குடும்பத்தார் போய்ச் சேர்ந்தனர் என்பதும், பாயசம் தீர்ந்துவிட்டது என்பதும் மட்டும் அறிக. அன்று மாலை ஏஜென்ட்டின் அழைப்பு வந்தது. வரவில்லை என்று ஒரே சொல்லில் விடையிறுத்து, ஏழு கடலுக்கும் எட்டுத் திசைத் துறைமுகங்களுக்கும் அவன் விடைகொடுத்தான். வாழ்க அவன் கைப்பிடி! வாழ்க அவன் கழி! வாழ்க அவன் இனியேனும் திரும்பிப் பார்க்கப்போகும் பின்வளையம்!

மறுநாள் விடிகாலையில் லோகேஷ் வளர்மதி வீட்டுப் படகின் கயிற்றை அவிழ்த்துக் கட்டையில் மாற்றிக் கட்டிவிட்டு, கழியால் தள்ளிக்கொண்டு மீன்பிடிக்கப் போனான்.